காணாமல் போன நீலக் கோடு

மாதலேனுக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று: அணைப்பது. அதையும் பிளக்கைப் பிடுங்கித்தான் செய்வார். அப்படிப்பட்டவரை ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் துப்பறியக் கூப்பிடுகிறார்கள் என்றால், கூப்பிட்டவருக்கு வேறு போக்கிடம் இல்லை என்று அர்த்தம்.

கூப்பிட்டவள் அக்தர் பானு. காரைக்கால் பெண், சைகோனுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, வேலை ப்ரோக்ராம் எழுதுவது. டோங் யூ மசூதிக்குப் பின்னாலிருக்கும் சாப்பாட்டுக் கடையில் சேக்குக்கு அறிமுகம். சேக், மாதலேனின் உதவியாளன். உதவி என்றால் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது, கேட்காத கருத்தைச் சொல்வது, இரண்டும்.

"மதாம், இது ஒரு கேஸா?" என்றான் அவன், சைகோனின் மையப் பகுதியான முதல் டிஸ்ட்ரிக்டின் நெரிசலில் வண்டியை ஒரு சந்துக்குள் திணித்தபடி. "பால் திரிஞ்சு போச்சு. எங்க வீட்ல வாரத்துக்கு ரெண்டு தடவ திரியும். உம்மா ஒரு நாளும் டிடெக்டிவக் கூப்பிட்டதில்ல."

"உங்க வீட்ல எவ்வளவு பால்?"

"அரை லிட்டரு."

"இங்க ஒரு ஊரோட பால். முன்னாடி பாத்து ஓட்டு."

விஷயம் இதுதான். சைகோனுக்கு வெளியே குச்சி என்ற ஊரில் மாடு வளர்ப்பவர்கள் தினமும் கொண்டுவந்து ஊற்றும் பாலைப் பெரிய குளிர்த் தொட்டிகளில் வைக்கிறார்கள். தொட்டியின் மோட்டாரை ஓட்டுவதும் நிறுத்துவதும் இந்தக் கம்பெனி எழுதிய ப்ரோக்ராம். பால் நாலு டிகிரியில் இருக்க வேண்டும். யாரோ அந்த நாலைப் பதினாலாக மாற்றிவிட்டார்கள். மோட்டார் பதினாலு டிகிரியிலேயே 'போதும்' என்று ஓய்வெடுத்துக்கொண்டது. புதன்கிழமை விடிந்தபோது தொட்டி தொட்டியாகப் பால் திரிந்திருந்தது. மொத்தத்தையும் கால்வாயில் கொட்டினார்கள்.

மாற்றியவர் பெயர் ப்ரோக்ராமின் பதிவில் இருந்தது: அக்தர் பானு. நேரம்: செவ்வாய்க்கிழமை மதியம். போதாக்குறைக்கு அவள் மேஜைத் திரையைப் படம் பிடித்த ஒரு போட்டோவும் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் 'நான்தான் செய்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் சத்தமில்லாமல் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். போடாவிட்டால் போலீஸ். போட்டால் இனி எந்தக் கம்பெனியும் அவளை வாசலில் கூட நிற்க விடாது.

இன்று வெள்ளிக்கிழமை. நேரம் மதியத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

நான்காவது மாடியில் கதவைத் திறந்தவள் ரோஸ், வரவேற்பு மேஜைப் பெண். அப்பா பாண்டிச்சேரி, அம்மா சைகோன். தமிழ் பேசுவாள், ஆனால் அவசரம் வந்தால் வியட்நாமியம் முந்திக்கொள்ளும்.

"செருப்பு இங்க கழட்டுங்க. சி பானு உள்ள. அழுதுட்டே இருக்கு." சி என்றால் அந்த ஊரில் அக்கா.

உள்ளே ஒரு நீளமான கூடம், இருபுறமும் மேஜைகள். ஒவ்வொரு மேஜை மேலும் ஒரு பெரிய திரை, அதிலிருந்து தொங்கும் ஒற்றை கேபிள். யார் வந்து தன் லாப்டாப்பில் அந்த கேபிளைச் சொருகினாலும் பெரிய திரை அவருக்கு வேலை செய்யும். ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் ஒரு பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. சேக் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"இது என்னாங்க, ஆபீஸா, ஆஸ்பத்திரியா?"

"சாப்பிட்டதும் விளக்கு அணைப்போம். எல்லாரும் தூங்குவோம்," என்றாள் ரோஸ், இதில் என்ன கேள்வி என்பதுபோல. "எல்லா ஆபீஸ்லயும் அப்படித்தான்."

"எல்லாருமா?"

"சி பானு தூங்காது. கடையில சாப்பிட்டு வந்து இருட்டுல உக்காந்திருக்கும். கப்ரியேல் சார் தூங்குவாரு, ஆனா கூட்ட அறையில. நாங்கதான் அங்க அனுப்பிட்டோம்." குரலைத் தாழ்த்தினாள். "குறட்டை. கதவு மூடினாலும் கேட்கும். செவ்வாய்க்கிழமை அந்தச் சத்தத்துல என் பேனா உருண்டு கீழ விழுந்திருச்சு. கோபம் வந்து அன்னிக்கு சாயங்காலமே காதுல வைக்கிற பஞ்சு வாங்கினேன். மறுநாள் பாத்தா சத்தமே இல்ல. காசு வீணாப் போச்சு."

"பஞ்ச என்கிட்ட குடுங்க," என்றான் சேக். "மதாம் கேள்வி கேக்கறப்ப எனக்குத் தேவைப்படும்."

மாதலேன் பாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்ட அறையில் மூன்று பேர். முதலாளி மார்செல், பாண்டிச்சேரிக் குடும்பத்தில் பிறந்து பாரீசில் வளர்ந்து சைகோனில் தொழில் செய்பவர். நல்ல மனிதர்; ப்ரோக்ராம் பற்றி மாதலேனுக்குத் தெரிந்த அளவுதான் அவருக்கும் தெரியும், பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் மட்டும் இல்லை. அடுத்து கப்ரியேல், ப்ரோக்ராம் எழுதுபவர்களுக்கெல்லாம் தலைவர், சென்னைக்காரர், கைகட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே பானு. அவள் முன்னால் ஒரு தாள், மேலே ஒரு பேனா, மூடி திறந்த நிலையில்.

"மதாம், எனக்கு இதுல சந்தோஷம் இல்லை," என்றார் மார்செல். "ஆனா குச்சிக்காரங்க இன்னிக்கு ஒரு பேர் கேக்கறாங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

"சரியான பேரச் சொல்லலாம்," என்றார் மாதலேன். "போட்டோவப் பாக்கணும்."

கப்ரியேல் தன் போனிலிருந்து படத்தைச் சுவரில் இருந்த பெரிய டிவிக்கு அனுப்பினார். பானுவின் மேஜைத் திரை. சந்தேகமே இல்லை, திரையின் அடிக்கட்டையில் அவள் ஒட்டி வைத்திருந்த சின்னக் கப்பல் ஸ்டிக்கர் தெரிந்தது. கறுப்புப் பின்னணியில் வரி வரியாக எழுத்து. நடுவில் ஒரு வரியில் பதினாலு.

"செவ்வாய்க்கிழமை நேப் டைம்," என்றார் கப்ரியேல். "எல்லாரும் தூங்கிட்டாங்க. நான் தண்ணி குடிக்க வெளிய வந்தேன். இவங்க சீட்ல ஏதோ டைப் பண்ணிட்டிருந்தாங்க. அப்புறம் எழுந்து ரெஸ்ட்ரூம் போனாங்க. இவங்களுக்கு சம்பந்தமே இல்லாத ஃபைல் ஓப்பனா இருந்தது. எனக்கு டவுட். சும்மா ஒரு போட்டோ எடுத்தேன்."

"அப்ப இவங்க பதிவு பண்ணி முடிச்சாச்சா?"

"இல்ல மதாம். பாதி வேலையில எழுந்து போனாங்க. திரும்பி வந்துதான் பதிவு பண்ணாங்க. டைம் பாருங்க, கரெக்டா டேலி ஆகும்."

"பாதி வேலை," என்று மாதலேன் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "பதிவுல பேரையும் நேரத்தையும் யாரு எழுதறது?"

பானு முதல் தடவையாக வாய் திறந்தாள். "லாப்டாப் என்ன சொல்லுதோ அது விழும் மேடம். என் பேரச் சொல்லு, இந்த நேரம்னு சொல்லுன்னா அப்படியே சொல்லும். மாத்தறது பெரிய வித்தையே இல்ல, போன்ல படத்தோட தேதிய மாத்தற மாதிரிதான். அத நான் சொன்னா தப்பிக்கப் பாக்குறேங்கிறாங்க."

"அதனாலதான் போட்டோ," என்றார் கப்ரியேல். "பேரை யாரும் எழுதலாம். போட்டோ பொய் சொல்லாது."

"நீ இந்தப் படத்த நல்லாப் பாத்தியாம்மா?" என்று பானுவைக் கேட்டார் மாதலேன்.

"அவங்க போன்ல, கட்டை விரல் அளவுல காட்டினாங்க. கப்பல் தெரிஞ்சிச்சு. என் மேஜைதான்னு தெரிஞ்சிச்சு. அதுக்கப்புறம் எனக்குக் கண்ணே தெரியல."

மாதலேன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கு இந்தத் திரை புரியல. எது என்னன்னு ஒவ்வொண்ணா சொல்லணும்."

கப்ரியேல் மணியைப் பார்த்தார். "மதாம், அது ஒரு எடிட்டர். ப்ரோக்ராம் எழுதற இடம். அதுக்கு மேல தெரிய வேண்டியது இல்ல."

"தெரிய வேண்டாம்னு சொல்றப்பதான் எனக்குத் தெரிஞ்சுக்கணும்னு தோணுது. வயசாச்சு, புத்தி அப்படிப் போகுது."

பானு தன் லாப்டாப்பை டிவியில் இணைத்தாள். எடிட்டர் திறந்தது. திரையின் வலப்பக்கம் கோப்புகளின் பெயர்கள் மேலிருந்து கீழாக வரிசையாக நின்றன. நடுவில் காலியான பெரிய இடம். அதற்கு மேலே ஒரு ஒல்லியான பட்டை, கீழே ஒரு சின்னக் கறுப்புக் கட்டம்.

"இந்த ஓரத்துல இருக்கறது எங்க ஃபைல் எல்லாம். ஒண்ணத் தொட்டா நடுவுல திறக்கும். மேல பட்டையில அதோட பேர் வரும். கீழ இருக்கற கட்டத்துல ப்ரோக்ராம ஓட்டிப் பாப்போம், தப்பு இருந்தா அங்க திட்டும்."

மாதலேனின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. சேக் எழுந்து நின்றான். இந்தத் தருணத்துக்காகவே அல்லா தன்னைப் படைத்தான் என்ற பாவனை அவன் முகத்தில்.

"மதாம், நான் காரைக்கால்ல அஞ்சு வருஷம் துணிக்கடையில நின்னவன். நான் சொல்றேன், கேளுங்க. ஓரத்துல இருக்கே, அது துணி அடுக்கற அலமாரி. நடுவுல இருக்கறது துணிய விரிச்சுக் காட்டற மேஜை. மேல பட்டையில இருக்கற பேரு, இப்ப மேஜையில எந்தத் துணி கிடக்குதுன்னு சொல்லுது. கீழ கறுப்புக் கட்டம், பின்னால உக்காந்திருக்கற தையக்காரரு. துணி சரியில்லன்னா சத்தம் போடுவாரு."

"இப்பப் புரியுது," என்றார் மாதலேன்.

பானுவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

"ஆனா போட்டோவுல அலமாரி இடது பக்கம் இருக்கு," என்றார் மாதலேன்.

எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள். மார்செல் போட்டோவை மறுபடி போடச் சொன்னார். அதில் கோப்புகளின் வரிசை இடப்பக்கம்தான் இருந்தது.

பானு எழுந்தே விட்டாள். "நான் எப்பவும் வலது பக்கம்தான் வெச்சிருக்கேன்! இந்த ஆபீஸ்ல நான் மட்டும்தான்!"

"ஓதிப் பழகுன கை," என்று சேக் தலையாட்டினான். "அரபு வலப்பக்கமிருந்துதானே ஆரம்பிக்கும்."

"அதெல்லாம் இல்ல சேக் நானா. இடப்பக்கம் இருந்தா, அதத் திறக்கறப்பல்லாம் எழுத்து மொத்தமும் நகந்து போகும், மூடினா திரும்பி ஓடி வரும். எனக்குத் தோணியில உக்காந்த மாதிரி தலை சுத்தும்."

சேக்கின் அருமையான துப்பு இப்படி ஒரு வாந்தி விஷயமாக முடிந்துபோனதில் அவனுக்கு வருத்தம்தான்.

கப்ரியேல் கையை விரித்தார். "இது ஒரு எவிடன்ஸா சார்? ஒரு கிளிக்ல இடது வலது மாத்தலாம். அன்னிக்கு இடதுல வெச்சிருப்பாங்க. மாட்டினதும் வலதுக்கு மாத்திட்டு இப்ப டிராமா."

மார்செல் தயங்கினார். "அதுவும் நடக்கக் கூடியதுதான், மதாம்."

"நடக்கக் கூடியதுதான்," என்று மாதலேன் ஒத்துக்கொண்டார். பானு மெல்ல உட்கார்ந்தாள். "அம்மா, நீ ஒரு துணிய விரி பாப்போம். ஏதாவது ஒண்ணு. மெதுவா செய்."

பானு ஒரு கோப்பின் பெயரை ஒருமுறை தொட்டாள். நடுவில் அது திறந்தது. மேல் பட்டையில் அதன் பெயர் வந்து நின்றது.

"பேரு ஏன் சாய்ஞ்சிருக்கு?"

"ஒரு தடவ தொட்டா சும்மா பாக்கறதுக்குன்னு அர்த்தம் மேடம். சாய்ஞ்ச எழுத்துல வரும். வேற ஒண்ணத் தொட்டா இது போயிடும், அது வந்துடும்."

"விரிச்சுக் காட்டின துணி," என்றான் சேக். "கஸ்டமர் இன்னும் வாங்கல. அடுத்ததக் காட்டுங்கறாரு."

"இப்ப ஏதாவது எழுது."

பானு ஒரு எண்ணை மாற்றினாள். சாய்ந்திருந்த பெயர் நிமிர்ந்தது. அதன் பக்கத்தில் ஒரு வட்டப் புள்ளி வந்தது. மாற்றிய வரியின் எண்ணுக்குப் பக்கத்தில், ஓரத்தில், சின்னதாக ஒரு நீலக் கோடு முளைத்தது.

"கத்திரி வெச்சாச்சு," என்று சேக் மொழிபெயர்த்தான். "இனிமே இது சும்மா பாத்த துணி இல்ல."

"புள்ளி?"

"இன்னும் சேமிக்கலன்னு சொல்லுது." பானு சேமித்தாள். புள்ளி மறைந்தது. பெயர் நிமிர்ந்தபடியே இருந்தது. நீலக் கோடும் அங்கேயே இருந்தது.

"கோடு போகலையே?"

"அது சேமிச்சாலும் போகாது மேடம். 'கடைசியாப் பதிவு பண்ணதுக்கும் இப்ப இருக்கறதுக்கும் இந்த வரியில வித்தியாசம்'னு காட்டுது. சேமிக்கறது வேற, பேரு நேரத்தோட பதிவு பண்றது வேற. பதிவு பண்ணாத்தான் போகும்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று பானுவுக்கு உறைத்தது. அவள் போட்டோ இருந்த பக்கம் திரும்பினாள்.

"இப்ப கப்ரியேல் சாரோட படத்தப் போடுங்க," என்றார் மாதலேன். "பெரிசா."

போட்டார்கள். பானு டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள், மூக்கு திரையில் படாத குறை.

"பதினாலு இருக்கு," என்றாள் மெதுவாக. "ஆனா பேரு சாய்ஞ்சிருக்கு. புள்ளி இல்ல." குரல் ஏறிக்கொண்டே போனது. "நீலக் கோடு இல்ல! மேடம், கோடே இல்ல!"

மார்செல் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்வையை மாற்றினார். "யாராவது எனக்கும் சொல்லுங்களேன்."

"நானே சொல்றேன்," என்றார் மாதலேன். "இப்பத்தான் படிச்சேன், மறக்கறதுக்குள்ள சொல்லிடறேன். பாதி வேலையில எழுந்து போன பொண்ணோட மேஜைன்னார். பாதி வேலைன்னா பேரு நிமிர்ந்திருக்கணும், கோடு இருக்கணும். இந்தப் படத்துல யாரும் கத்திரியத் தொடல. பதினாலு ஏற்கனவே வெட்டி, தெச்சு, பதிவும் ஆகி, அலமாரியில இருக்கு. யாரோ அத எடுத்து விரிச்சு, படம் பிடிச்சிருக்காங்க. இது தப்பு நடக்கறப்ப எடுத்த படம் இல்ல. நடந்து முடிஞ்ச பிறகு எடுத்த படம்."

கப்ரியேலின் நெற்றியில் வேர்வை இருந்தது. ஆனால் மூளை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"ஓகே. ஆர்டர் மாத்திச் சொல்லிட்டேன். தூக்கக் கலக்கம். இவங்க பதிவு பண்ணியாச்சு, ஃபைல மூடிட்டு, சரியா இருக்கான்னு திரும்பத் திறந்து பாத்திருக்காங்க. அப்ப எடுத்தது. செவ்வாய்க்கிழமை மதியம்தான். குத்தவாளி திரும்பி வந்து பாப்பான்னு சொல்லுவாங்களே."

"அது கொலைக்கு," என்றான் சேக். "பாலுக்கு யாரும் திரும்பி வர மாட்டாங்க."

ஆனால் மார்செல் அதையும் யோசித்தார். நல்ல மனிதர்களின் கஷ்டமே இதுதான், எல்லோர் சொல்வதிலும் அவர்களுக்குக் கொஞ்சம் நியாயம் தெரியும். "மதாம், ஆர்டர் தப்பாச் சொன்னதுக்காக ஒருத்தரப் பொய்யன்னு சொல்ல முடியுமா? குச்சிக்காரங்க இன்னும் கொஞ்ச நேரத்துல போன் பண்ணுவாங்க."

தாள் மேஜை மேலேயே கிடந்தது. பானு அதைப் பார்க்கவில்லை. "உம்மாட்ட நான் என்ன சொல்வேன்?" என்றாள் யாரிடமும் இல்லாமல். "நான் செய்யலன்னா, அப்புறம் ஏன் அனுப்பிட்டாங்கன்னு கேக்கும். நூறு பேரு கேப்பாங்க."

சேக்குக்கு அப்போது ஒரு ஜோக்கும் வரவில்லை. தன் தொழிலில் இது அவனுக்கு முதல் அனுபவம்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே கூடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பாய்கள் விரியும் சரசரப்புக் கேட்டது. கொலை விழுந்தாலும் பால் திரிந்தாலும் சைகோனில் மதியத் தூக்கம் தவறாது. கதவு மெல்லத் திறந்து ரோஸின் தலை உள்ளே வந்தது. கையில் ஒரு சின்னப் பொட்டலம்.

"மன்னிக்கணும். கப்ரியேல் சார் இன்னிக்கு இங்க தூங்குவாரா? நான் பஞ்சு வைக்கணுமா, வேணாமா?"

மாதலேன் நாற்காலியைத் திருப்பினார். அவர் இந்தக் கேள்விக்காகவே காலையிலிருந்து காத்திருந்தவர்போல இருந்தார். ஒருவேளை இருந்தாரோ என்னவோ.

"உள்ள வாம்மா. செவ்வாய்க்கிழமை குறட்டை எப்ப ஆரம்பிச்சுது?"

ரோஸ் கப்ரியேலைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சப்பட்டாள். "விளக்கு அணைச்சதும்."

"எப்ப நின்னுது?"

"விளக்கு போட்டதும். நடுவுல நிக்கவே இல்ல. ச்சோய் ஓய், கடவுளே, நான் எழுந்து வந்து கதவத் தட்டினேன், அப்பவும் நிக்கல. யார வேணா கேளுங்க, கூடத்துல ஒருத்தரும் தூங்கல அன்னிக்கு."

"புதன்கிழமை?"

"புதன்கிழமை சத்தமே இல்ல. அதான் சொன்னேனே, பஞ்சு வீணாப் போச்சுன்னு."

மாதலேன் கப்ரியேல் பக்கம் திரும்பவே இல்லை. மார்செலிடம் கேட்டார்: "புதன்கிழமை மதியம் பானு எங்க இருந்தா?"

மார்செலின் முகம் வெளுத்தது. "குச்சியில. என்கூட. திரிஞ்ச பாலப் பாக்கறதுக்கு நான்தான் கார்ல கூட்டிட்டுப் போனேன். சாயங்காலம்தான் திரும்பினோம்."

"அப்ப அவ மேஜை காலி. கேபிள் சும்மா தொங்குது. எல்லாரும் தூங்கறாங்க, அதுவும் அன்னிக்கு ரொம்ப நல்லாத் தூங்கறாங்க. யாரோ தன் லாப்டாப்பக் கொண்டுபோய் அந்தக் கேபிள்ல சொருகி, ஒரு தொடுதொட்டு ஃபைலத் திறந்து, கப்பல் தெரியற மாதிரி படம் எடுத்திருக்காங்க. லாப்டாப் அவங்களோடது, அதனால அலமாரி இடப்பக்கம். பானு எப்படி வெச்சிருப்பான்னு அவங்களுக்குத் தெரியாது. மத்தியான நேரத்துல இந்த ஆபீஸ்ல நடக்கற எதுவுமே அவங்களுக்குத் தெரியாது. பாவம், தினமும் தூங்கிடறாங்க."

யாரும் கப்ரியேலின் பெயரைச் சொல்லவில்லை. தேவைப்படவில்லை.

அவர் பேச ஆரம்பித்தபோது ஆங்கிலம் பாதியாகக் குறைந்திருந்தது.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மோட்டார் ஒழுங்கா நிக்குதான்னு டெஸ்ட் பண்ணணும். நாலு வெச்சா நிக்க ரொம்ப நேரமாகுது. பதினாலு போட்டேன், உடனே நின்னுது. திரும்ப நாலு போட மறந்துட்டேன். அப்படியே பதிவு பண்ணிட்டேன், அப்படியே குச்சிக்குப் போயிடுச்சு. காலைல போன் வந்தப்பத்தான் தெரிஞ்சுது. பயந்துட்டேன் சார். அந்தப் பதிவ பானு பேருக்கு மாத்தி, தூங்கற நேரமாப் போட்டேன். அந்த நேரத்துல யாரும் அவங்களப் பாத்திருக்க மாட்டாங்கன்னு."

"மறந்தது தப்பே இல்ல," என்றார் மாதலேன். "நானும் அடுப்புல பால வெச்சிட்டு மறந்திருக்கேன். ஆனா பக்கத்து வீட்டுக்காரி வெச்சான்னு சொன்னதில்ல."

பானு கப்ரியேல் முன்னால் வந்து நின்றாள். அழுகையெல்லாம் போய் முகத்தில் கோபம் மட்டும் இருந்தது. "நீங்க மறந்ததுக்கு நான் ஊருக்குப் போகணுமா சார்? ரெண்டு வருஷமா உங்கள அண்ணன் மாதிரி நெனச்சேன். எனக்கு வேலை கத்துக் கொடுத்ததே நீங்கதான்." மார்செல் கதவைக் காட்டினார், கப்ரியேல் எழுந்து போனார். இருட்டில் பாய்களைத் தாண்டிப் போகும்போது யார் காலையோ மிதித்து, யாரோ வியட்நாமிய மொழியில் திட்டியது கேட்டது.

மார்செல் அந்தத் தாளை எடுத்து நாலாகக் கிழித்தார். "பானு, நான் உன்ன நம்பியிருக்கணும். எனக்கு வெக்கமா இருக்கு."

"வெக்கப்படறத அப்புறம் வெச்சுக்கலாம் சார்," என்றாள் பானு. "அந்தப் பதினாலு இன்னும் அப்படியே இருக்கு."

இருந்தது. ஆதாரத்தை யாரும் தொடக் கூடாது என்று கப்ரியேல் சொல்லியிருந்ததால் மூன்று நாளாக ஒருவரும் அதைத் தொடவில்லை. குச்சியில் தொட்டிகளைச் சுற்றி ஐஸ் கட்டி அடுக்கிப் பாலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவள் லாப்டாப்பில் அந்தக் கோப்பை ஒருமுறை தொட்டாள். டிவியில் பெயர் வந்தது.

"சாய்ஞ்சிருக்கு," என்றார் மாதலேன்.

பதினாலில் ஒன்றை அழித்தாள்.

"நிமிர்ந்துடுச்சு. புள்ளி வந்துடுச்சு. நீலக் கோடு!" மாதலேன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "புள்ளி போயிடுச்சு. இப்பப் பதிவு பண்ணு. ம். கோடும் போயிடுச்சு."

"மதாம், நீங்க இனிமே வேலைக்கே சேந்துடலாம்," என்றான் சேக். "பிளக்க மட்டும் பிடுங்காம இருந்தா."

போன் அடித்தது. குச்சியிலிருந்து. மார்செல் எடுத்து வியட்நாமிய மொழியில் பேசினார், இந்தத் தடவை சரியான பெயரைச் சொன்னார். பிறகு போனை மேஜை மேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். மறுமுனையில் ஆட்கள் பேசுவது கேட்டது, பின்னால் ஒரு மாடு. கொஞ்ச நேரத்தில் அதையெல்லாம் அமுக்கிக்கொண்டு ஒரு மோட்டார் உறுமத் தொடங்கி, நிற்காமல் ஓடியது. பானு கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ எத்தன நாளா தூங்கலம்மா?" என்று கேட்டார் மாதலேன்.

"போட்டோவக் காட்டினதுலேருந்து."

ரோஸ் ஒரு பாயைக் கொண்டுவந்து கூட்ட அறையின் தரையில் விரித்தாள். "படுங்க சி. யாரும் எழுப்ப மாட்டோம்." இரண்டு வருடத்தில் ஒரு மதியமும் தூங்காத பானு, ஒரு வார்த்தை மறுக்காமல் படுத்தாள். விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்தார்கள்.

மாதலேன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது கூட்ட அறையிலிருந்து சத்தம் வந்தது. முதலில் மெதுவாக, பிறகு நன்றாகவே. கூடத்தில் படுத்திருந்தவர்களில் சிலர் தலையைத் தூக்கி அந்தக் கதவைப் பார்த்தார்கள். பிறகு திரும்பப் படுத்துக்கொண்டார்கள்.

"மதாம்," என்றான் சேக் கிசுகிசுப்பாக, "இது கப்ரியேல் சாரவிடப் பெரிசா இருக்கும் போலிருக்கே."

ரோஸ் தன் மேஜையில் உட்கார்ந்தாள். பஞ்சுப் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு டிராயரைத் திறந்து உள்ளே போட்டு மூடினாள்.